ஏழரைக்கு முன்னால் போட்ட கையெழுத்து

என்னிடம் வருகிற கட்சிக்காரர்களில் முக்கால்வாசிப் பேரை நான் திட்டியிருக்கிறேன். காரணம் எப்போதும் ஒன்றுதான். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் வக்கீல் தொழில் என்றால் பெரும்பாலும் வாடகை வழக்கு. மிளகு, சுக்கு மூட்டைகள் அடுக்கும் கோடவுன்களும், யூதர் தெருவான ஜூ டவுனில் சுற்றுலாக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்கும் கடைகளும்தான் என் பிழைப்பு. “என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலா கையெழுத்துப் போட்டீர்கள்?” என்று நான் கேட்பேன். அவர்கள் தலையைச் சொறிவார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். இருபது வருஷமாக அனுபவித்து வந்த சந்தோஷம் அது. அதற்கு உலை வைத்தவன் என் தம்பி.

தம்பி விமானி. துணை விமானி என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அம்மா அந்தத் ‘துணை’யை ஒருநாளும் சொன்னதில்லை. அவன் சேர்ந்த கம்பெனி புதிய ரக விமானங்கள் வாங்கியபோது, அவற்றை ஓட்டப் பழகுவதற்காக அவனை ஆறு வாரம் வெளிநாட்டுக்கு அனுப்பியது. பதிலுக்கு ஒரு பாண்டு கேட்டது. பயிற்சி முடிந்து மூன்று வருஷம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும். நடுவில் விலகினால் பயிற்சிச் செலவு என்று இருபத்தைந்து லட்சம் ரூபாய் திருப்பித் தர வேண்டும். அந்தப் பாண்டுக்கு ஒரு ஜாமீன்தாரரும் வேண்டும்.

இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முன்னால் தெரிந்தது ராகு காலம் மட்டும்.

அவன் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. திங்களன்று ஏழரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் அவன் வீட்டுப் படியைத் தாண்டியாக வேண்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. விமானம் பதினோரு மணிக்குத்தான். ஆனால் விமானம் எப்போது கிளம்புகிறது என்பது அம்மாவுக்குப் பொருட்டில்லை, படி எப்போது தாண்டப்படுகிறது என்பதுதான் கணக்கு. வாசலுக்கு நேரே கார் நின்றது. அம்மா வாசல் விளக்கை ஏற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டாள். அப்போதுதான் தம்பி பையைத் துழாவி ஒரு கற்றைக் காகிதத்தை எடுத்தான்.

“அக்கா, இதுல ஒரு ஒப்பு வேணும். நேத்தே சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன்.”

‘ஒப்பு’ என்றால் எங்கள் வீட்டுத் தமிழில் கையெழுத்து, ‘வாயிப்பது’ என்றால் படிப்பது. தலைமுறைகளாக இங்கே இருந்ததில் மலையாளம் எங்கள் பேச்சில் வேண்டிய இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

“என்னது இது?”

“ஒண்ணுமில்லையாக்கும். ஃபார்மாலிட்டி.”

பதினாலு பக்கம். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடினேன். அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஏண்டி, அதையெல்லாம் அப்பறம் வாயிச்சுக்கலாம். ஏழு இருபதாச்சு. ஒப்பு போட்டுக் கொடுத்துடு.”

“அம்மா, படிக்காம எப்படி...”

“கொழந்தை ராகு காலத்துல படி தாண்டணுமா?”

குழந்தைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நான் கண்ணாடியில்லாமலே முதல் பக்கத்தின் மேல்பகுதியை உற்றுப் பார்த்தேன். அதில் கம்பெனியின் விலாசம் இருந்தது. பிறகு பதினாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஏழு இருபத்தாறுக்குத் தம்பி வலது காலை எடுத்து வைத்துப் படி தாண்டினான். காரில் உட்கார்ந்ததும் டிரைவரிடம் அவன் பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. “என் அக்கா வக்கீலாக்கும். பதினாலு பக்கம், நாலே நிமிஷத்துல வாயிச்சு முடிச்சா.”

நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த இருபது மாதம் அவன் பறந்தான். அப்புறம் ஒருநாள் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றான். கம்பெனியின் விமானங்களில் பாதிக்கு இன்ஜின் கோளாறு, உதிரி பாகம் வரவில்லை, எல்லாவற்றையும் தரையில் நிறுத்திவிட்டார்கள். கூப்பிடும்போது வந்தால் போதும், அதுவரை அடிப்படைச் சம்பளம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று அது எட்டு மாதம் வரை போயிற்று.

பறக்காத விமானியை வீட்டில் வைத்துக்கொள்வது லேசான காரியமில்லை. அவனுக்கு எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு பட்டியலை உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும். நானும் அம்மாவும் கோயிலுக்குக் கிளம்பினால் வாசலில் நின்று ஆரம்பித்துவிடுவான். “கேஸ் சிலிண்டர்?” அம்மா, “அடைச்சாச்சு” என்று பதில் சொல்ல வேண்டும். “பின்கதவு?” “பூட்டியாச்சு.” “கோடைக்கால மழைக்குக் கொடை?” இந்தச் சடங்கு முடிவதற்குள் கோயில் நடை சாத்திவிடும். ஒருநாள் சாம்பார் தாளிக்கும்போது, எண்ணெய்ச் சூட்டை அளக்கக் கருவி இல்லாமல் எப்படிச் சமைக்கிறாய் என்று கேட்டான். அம்மா கரண்டியைக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைப்பான். அடுத்த ஞாயிறு அதைக் கழற்றி மறுபடி இஸ்திரி போடுவான். சாயங்காலமானால் ஃபோர்ட் கொச்சிக்கு நடந்து போய், எதிர்க்கரையான வைப்பினுக்குப் போகிற படகில் ஏறுவான். இறங்க மாட்டான். போவான், வருவான், மறுபடி போவான். படகோட்டியை இங்கே ஸ்ராங்க் என்பார்கள். அந்த ஸ்ராங்க் ஒருநாள் பொறுக்க முடியாமல், “நிங்களுக்கு ஜோலி என்ன?” என்று கேட்டாராம். “பைலட்” என்றானாம் இவன். அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஒன்றும் கேட்காமல் படகை ஓட்டினாராம். இதைத் தம்பி சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவுமில்லை.

எட்டாவது மாதத்தில் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வந்த இரண்டாம் மாதமே அவன் எங்களிடம் சொல்லாமல் ராஜினாமா அனுப்பியிருக்கிறான். துணை விமானி விலக வேண்டுமானால் ஆறு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் துறையின் விதி. அந்த ஆறு மாதம் வருகிற முப்பதாம் தேதி முடிகிறது. வேறொரு கம்பெனி, அதே ரக விமானத்துக்கு, கொச்சியையே இருப்பிடமாகக் கொடுத்து அவனை எடுத்துக்கொள்ளத் தயார். அங்கே சேரப் பழைய கம்பெனியின் ஆட்சேபணையில்லாக் கடிதம் வேண்டும். இருபத்தைந்து லட்சத்தைக் கட்டினால்தான் அந்தக் கடிதம் என்றது தபால். முப்பதாம் தேதியைத் தவறவிட்டால் புதிய இடமும் போய்விடும். இன்னும் கொஞ்ச நாள் பறக்காமலிருந்தால் பயிற்சியெல்லாம் காலாவதியாகி, அவனை யாருமே எடுக்க மாட்டார்கள். கையில் இருபத்தொரு நாள் இருந்தது.

“அக்கா, இந்தப் பாண்டு கோர்ட்டுல நிக்குமா?”

“நிக்காது” என்றேன் நான். தபாலைப் பாதிதான் படித்திருந்தேன். “மனுஷனை அடிமையாக்கற ஒப்பந்தம் எந்தக் கோர்ட்டுலயும் நிக்காது. எந்த மடையன் இதுக்கு ஜாமீன் நின்னான்?”

தம்பி பாண்டின் நகலை எடுத்துப் பதினாலாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். கீழே என் கையெழுத்து. நல்ல தெளிவான கையெழுத்து, பக்கத்தில் என் வக்கீல் முத்திரை வேறு. அவசரத்திலும் முத்திரை குத்த மறக்கவில்லை.

“நீ அன்னிக்கே வாயிச்சதாச்சே” என்றான் அவன் அப்பாவியாக.

“பின்னே? ஞாபகம் இருக்கு” என்றேன்.

அன்று ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பாண்டை முதல்முறையாகப் படித்தேன். விமானியிடம் கேட்காமலே ஜாமீன்தாரரிடம் முழுத்தொகையையும் நேரடியாக வசூலிக்கலாம் என்று ஒன்பதாம் பக்கம் சொன்னது. அப்புறம் சட்டப் புத்தகங்களை எடுத்தேன். ‘நிக்காது’ என்று நான் சொன்னது பாதி வீராப்பு என்று தெரிந்தது. பாண்டு செல்லும். பயிற்சி கொடுத்தவன் தன் செலவை நியாயமாகத் திருப்பிக் கேட்கலாம், அதைக் கோர்ட்டு தப்பென்று சொல்வதில்லை. ஆனால் போகிறவனைப் பிடித்துவைத்து வேலை வாங்க முடியாது. எழுதியிருக்கிற தொகை அப்படியே கொட்டிக் கொடுக்க வேண்டிய விலையும் இல்லை, அது உச்சவரம்பு மட்டும்தான். நிஜமாக என்ன நஷ்டமோ, அதிலும் அவன் வேலை பார்த்த காலத்தைக் கழித்து மிச்சம் எதுவோ, அவ்வளவுதான் நியாயம். இது எனக்குப் புதிதில்லை. ஒரு ஓடு உடைந்ததற்கு முழு டெபாசிட்டையும் விழுங்கப் பார்க்கிற கோடவுன் முதலாளிகளோடு நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். ஆனால் வழக்கு நடந்தால் வருஷக்கணக்காகும். தம்பிக்கு இருந்ததோ இருபத்தொரு நாள்.

அன்றிரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அம்மா ஒரு கைக்குட்டை மூட்டையை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவிழ்த்தால் அவளுடைய நாலு தங்க வளையல். முப்பது வருஷமாகக் கழற்றாதவை. குளியலறையில் சோப்பைப் போட்டுப் போராடிக் கழற்றியிருக்கிறாள். மணிக்கட்டு சிவந்து கிடந்தது.

“எதுக்கு இது?”

“இருக்கட்டும். எதுக்காவது.”

“நாடகம் ஆடாதே அம்மா. கேஸு என் கையில இருக்கு.”

“உன் கையில இருக்கறதனாலதான் கொண்டு வந்தேன்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷ வக்கீலை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது என்று நினைத்தேன். வளையலை எடுத்து உள்ளே வை என்று கத்தினேன். அவள் மூட்டையை முடிந்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டுப் போனாள். கையில் மாட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு வழி காட்டியது ஒரு மரப்பெட்டி. ஜூ டவுனில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற என் கட்சிக்காரர் ஒருவர் உண்டு, அண்ணன் என்ற முறையில் ‘சேட்டன்’ என்றுதான் கூப்பிடுவேன். மறுநாள் அவர் வாடகை ரசீதை வாங்கப் போயிருந்தேன். முந்நூறு வருஷத்துப் பெட்டி என்று ஒன்றை ஒரு வெளிநாட்டுத் தம்பதிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். போன மழைக்காலத்தில் அதைத் தச்சர் இழைத்ததை நானே பார்த்திருக்கிறேன். விலை கிட்டத்தட்டப் படிந்துவிட்டது. அப்போது அந்தப் பெண்மணி, கப்பலில் அனுப்ப வேண்டும், பெட்டி எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதற்கு ரசீது தர முடியுமா என்று கேட்டாள். சேட்டனின் முகம் மாறியது. ஐந்து நிமிஷத்தில் விலை கால்வாசிக்கு இறங்கிவிட்டது.

அவர்கள் போனதும் சேட்டன் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “விலை நம்ம வாயில உண்டாக்கறதல்லே, வக்கீலே? பில்லு கேட்டா தீர்ந்தது.”

நான் வாடகை ரசீதை வாங்க மறந்துபோய் ஆபீசுக்கு நடந்தேன்.

அன்றே கம்பெனிக்கு எழுதினேன். என் கட்சிக்காரரின் பயிற்சிக்காகத் தாங்கள் செலவழித்ததாகச் சொல்லும் இருபத்தைந்து லட்சத்துக்கும் ரசீதுகளை அனுப்பிவைக்கவும். பதிலாக மிரட்டல் வந்தது. மறுபடி எழுதினேன். இந்தத் தடவை, ரசீது இல்லையென்றால் அதையாவது எழுத்தில் தெரிவிக்கவும் என்று சேர்த்தேன். பதினோராம் நாள் ஒரு கட்டு வந்து சேர்ந்தது. அதை நான் ஒரு பக்கம் விடாமல் படித்தேன். அச்சடித்தவன் பெயரைக்கூடப் படித்தேன்.

விடுதி வாடகை இருந்தது. விசாக் கட்டணம், டிக்கெட், காலைச் சாப்பாடு இருந்தன. தம்பி தொலைத்த விடுதி அறைச் சாவிகள் இரண்டுக்கு அபராதம் இருந்தது. ஆனால் பயிற்சிக் கட்டணம் என்ற தலைப்புக்கு எதிரே, விமானக் கொள்முதலுடன் சேர்ந்தது, தொகை பூஜ்யம் என்று விமானம் செய்தவர்களே எழுதித் தந்த சீட்டு இருந்தது. இரண்டு கிலோ சோப்புப் பொடிக்கு ஒரு வாளி இலவசம் என்கிற மாதிரி, விமானத்துக்குப் பயிற்சி இலவசம். கம்பெனியில் கட்டு கட்டியவரும் படிக்காமல் கட்டியிருக்கிறார் என்று தெரிந்தபோது, என் மனத்துக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது.

இருபத்தைந்தாம் தேதி கம்பெனியின் வக்கீலோடு வீடியோவில் பேச்சு. எங்கள் சாப்பாட்டு மேசைதான் என் சபை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். மேலே இஸ்திரி போட்ட சீருடைச் சட்டை, தோளில் பட்டைகள். கீழே முண்டு. திரையில் வந்தவர் டெல்லிக்காரர், என் தம்பி வயதுகூட இருக்காது, ஆனால் கெட்டிக்காரர். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். முதலில் அவர், தம்பி தரையில் இருந்த எட்டு மாதத்தைச் சேவையாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். நான் சும்மா விடுவேனா? கோடவுனைத் தானே பூட்டிச் சாவியையும் தானே வைத்துக்கொண்டு, ஏன் சரக்கு வைக்கவில்லை என்று வாடகைக்காரனைக் கேட்கிற முதலாளிகளை எனக்கு நன்றாகத் தெரியும் என்றேன். அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அப்புறம் பதினாலாம் பக்கத்தைத் திரையில் போட்டார்.

“மேடம், நீங்கள் இருபது வருஷ வக்கீல். பதினாலு பக்கத்திலும் உங்கள் கையெழுத்து, முத்திரையோடு. இன்று நிபந்தனைகள் அநியாயம் என்கிறீர்கள். அன்று படிக்கும்போது தெரியவில்லையா?”

படித்தேன் என்றால், தெரிந்தே ஒத்துக்கொண்டேன் என்றாகும். படிக்கவில்லை என்றால், இருபது வருஷமாக நான் திட்டிய அத்தனை பேரும் வரிசையாக வந்து என் முன் நின்று சிரிப்பார்கள். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நாலு நிமிஷத்தில் பதினாலு பக்கம் படித்த அக்காவை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

“படிக்கவில்லை” என்றேன். “ஒரு வரிகூட. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம்.”

ராகு காலம் என்றால் என்ன என்பதை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். என் தொழில் வாழ்க்கையில் அதைவிட மோசமான வாதத்தை நான் வைத்ததில்லை. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“என் அம்மா சனிக்கிழமை செருப்பு வாங்க விடமாட்டாள்” என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, “ஆனாலும் கையெழுத்து கையெழுத்துதான்” என்றார்.

“நான் மறுக்கவில்லையே. செலவழித்ததைக் காட்டுங்கள், கொடுக்கிறேன்” என்று சொல்லி, நீங்கள் அனுப்பிய கட்டில் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பாருங்கள் என்றேன்.

அவர் பார்த்தார். ஒலியை நிறுத்திவிட்டு யாருடனோ பேசினார். பத்து நிமிஷம் அவருடைய வாய் அசைவதை மட்டும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. விடுதி, டிக்கெட், விசாச் செலவில், முப்பத்தாறு மாதத்தில் பாக்கியிருக்கும் எட்டு மாதத்துக்கு உண்டான பங்கு. அவ்வளவுதான். தம்பியின் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிட்டது. தொலைத்த சாவிகளுக்கு மட்டும் முழு அபராதம், அதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அது நியாயம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். ஆட்சேபணையில்லாக் கடிதம் இருபத்தெட்டாம் தேதி வந்தது. ஜாமீன் ரத்து என்று எனக்கும் ஒன்று.

திரை அணைந்ததும் தம்பி என்னைப் பார்த்து, “ஒரு வரிகூடவா?” என்றான். அப்புறம் எட்டு மாதத்தில் முதல்முறையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதிய கம்பெனி ஒரு வாரத்தில் வேலை உத்தரவை அனுப்பியது. கூடவே சின்னதாக ஒரு பயிற்சி, அதற்கு ஒரு பாண்டு, ஒரு ஜாமீன். பதினெட்டுப் பக்கம். தம்பி அதை என்னிடம் நீட்டத் தைரியமில்லாமல் இரண்டு நாள் பைக்குள்ளேயே வைத்திருந்தான். அவன் அந்தப் பயிற்சிக்குக் கிளம்புகிற புதன்கிழமை காலையில் அம்மா அதை அவன் பையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மேலே வைத்தாள். பக்கத்தில் என் மூக்குக் கண்ணாடி, பேனா, ஒரு டம்ளர் காபி.

“இன்னிக்குப் பன்னண்டு மணிக்குத்தான் ராகு காலம். இப்ப ஏழு. அஞ்சு மணி நேரம் இருக்கு. உக்காந்து வாயி.”

“அவன் விமானம்?”

“சாயங்காலம். நான்தான் மாத்தச் சொன்னேன்.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் மேசையின் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“அன்னிக்கு நீ ஒண்ணும் வாயிக்கலைன்னு எனக்குத் தெரியும்டி. கடியாரத்துக்குக் கீழே நின்னு உன்னைத்தானே பார்த்துண்டிருந்தேன். கண்ணாடிகூடப் போட்டுக்கலை நீ. துரத்தினது நான். வந்த கஷ்டம் உன் தலையில விழுந்துதேன்னு எத்தனை நாள் தூங்கலை தெரியுமா.”

அரிசி டப்பாவுக்குள் போன அந்த மூட்டையின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் ஏறியது. என் திறமையை அவள் சந்தேகப்படவில்லை. தன் பங்கைத்தான் எடுத்து வைத்திருக்கிறாள். அதற்குப் போய் நான் நாடகம் என்று கத்தியிருந்தேன். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டரை மணி நேரம் படித்தேன். நாலாம் பக்கத்தில், ரசீது காட்டிய செலவுக்கு மட்டும் என்று ஓரத்தில் எழுதிச் சேர்த்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரு வரியை அடித்தேன். தம்பி வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே, “அக்கா, அவா எனக்கு வேலையே தர மாட்டா” என்று புலம்பினான். அம்மா, “நீ சும்மா இரு, அவ வாயிக்கட்டும்” என்று அவனை அடக்கினாள். ஒன்பதரைக்குக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பேனாவை மூடினேன்.

அம்மா அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி எழுந்து போய் அரிசி டப்பாவைத் திறந்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நாலாவது வளையல் ஏறவில்லை. “இங்கே வந்து கொஞ்சம் தள்ளி விடுடி” என்று கூப்பிட்டாள். நான் போய் சோப்பைக் குழைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.